என்ன கயிறு வாங்கலாம்? உயரத்தில் ஆள் மீட்கப் பழக வருகிறவர்களுக்கு

மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்: "அண்ணா, ரெஸ்க்யூ கத்துக்கணும்னு ஆசை, என்ன கயிறு வாங்கலாம்?" நான் காற்றாலைப் பராமரிப்பில் கயிற்றில் தொங்கிச் சம்பளம் வாங்குகிறவன், லீவு நாளில் தன்னார்வலர்கள் சிலருக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். கயிற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு 8 மில்லிமீட்டர் தடிமனில் ஆறு மீட்டர் துணைக்கயிறு ஒன்று வாங்கி பையில் போட்டுக்கொள்ளுங்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது, டிவி பார்க்கும்போது, எப்போதும் கையில் இருக்கட்டும். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

இந்த வகை மீட்புக்கு 'ஹை ஆங்கிள்' என்று பெயர். முதலில், எதை அப்படிச் சொல்கிறோம்? சரிவு 60 டிகிரிக்கு மேல் போனால் ஹை ஆங்கிள் என்று பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் சொல்லித்தரும்போது டிகிரியைப் பேசுவதில்லை. உங்கள் எடையைக் கால் தாங்குகிறதா, கயிறு தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கால் தாங்கி, கயிறு கைப்பிடி மாதிரி உதவினால் அது சாதாரணச் சரிவு. கயிற்றை எடுத்துவிட்டால் விழுந்துவிடுவீர்கள் என்றால் அது நம் சமாச்சாரம். பாறை முகடு, கட்டடத்தின் வெளிச்சுவர், செல்போன் டவர், ரோப்வே பெட்டி, கிணறு எல்லாம் இதில் வந்துவிடும்.

2022 பிப்ரவரியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழாவில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். குறும்பாச்சி மலையில் 23 வயது இளைஞர் ஒருவர் பாறை இடுக்கில் சிக்கி, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் சுமார் 45 மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்து போன ராணுவக் குழுவும் பெங்களூரு பாராசூட் ரெஜிமென்ட் மையத்துக் குழுவும் சேர்ந்து அவரை மீட்டன. வீரர் ஒருவர் கயிற்றில் அவரிடம் இறங்கி, தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சிதான் ஞாபகம் இருக்கும். முந்தைய இரவு இருட்டில் மலையேறியதும், கயிற்றை எங்கே கட்டுவது என்று இடம் தேடியதும் எந்தக் கேமராவிலும் வரவில்லை. இந்த வேலையில் பத்தில் எட்டுப் பங்கு நேரம் அப்படித்தான் போகும், பார்ப்பது, கட்டுவது, கட்டியதை இன்னொருவர் தொட்டுப் பார்ப்பது. அது அலுப்பாக இருக்கும் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பே இல்லை, வேறு உதவி எவ்வளவோ இருக்கிறது.

எங்கே கற்பது

வீடியோ பார்த்து முடிச்சு பழகலாம். வீடியோ பார்த்து உயரத்திலிருந்து இறங்கப் பழகக்கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் தப்பாகச் செய்தாலும் பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது, அதனால் தப்பே சரியென்று கை பழகிவிடும்.

வழிகள் மூன்று நான்கு உண்டு. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையில் சேர்ந்தால் பயிற்சி அங்கேயே கிடைக்கும். தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு அரக்கோணத்தில் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது, ஆனால் அங்கே நேராகப் போய்ச் சேர முடியாது, மத்திய ஆயுதப் படைகளிலிருந்துதான் ஆட்களை எடுக்கிறார்கள். பொதுமக்களுக்கென்றால் ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சி, உங்கள் மாவட்டத்தில் அடுத்த அணி எப்போது என்று கலெக்டர் ஆபீஸ் பேரிடர் பிரிவில் கேளுங்கள். அது அடிப்படைதான், அதை முடித்துவிட்டு மலையில் தொங்கலாம் என்று நினைக்காதீர்கள். மலைப் பக்கம் ஆசை இருந்தால் உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அதன் தேடல் மீட்புப் பயிற்சிக்கு அடிப்படை, மேம்பட்ட மலையேற்றப் பயிற்சிகளை முன்பே முடித்திருக்க வேண்டும், ஆக அது சில வருடத் திட்டம்.

இன்னொன்று நான் வந்த வழி, இராட்டா. இது தொழிற்சாலை, காற்றாலை, எண்ணெய்க் கிணறு மாதிரி இடங்களில் கயிற்றில் வேலை செய்பவர்களுக்கான சான்றிதழ். நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் வெளியாள் வந்து தேர்வு வைப்பார், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போக ஒரு வருடமும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் வேண்டும், மூன்றாவதற்குப் போக மறுபடி அவ்வளவு. காசு ஆகும். கயிற்றில் தொங்கும் சக ஊழியரை இறக்கும் மீட்பு இதில் நன்றாக வரும், ஆனால் பாறையில் ஸ்ட்ரெச்சரை இறக்குவது வேறு வித்தை, அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

எங்கே போனாலும் சேர்வதற்கு முன் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் தானே ஹெல்மெட் போட்டிருக்கிறாரா, பயிற்சி ஆட்களுக்கு இரண்டாவது கயிறு போடுகிறாரா, யாராவது 'நிறுத்து' என்றால் எல்லாரும் நிற்கிறார்களா. இவ்வளவு போதும் முடிவெடுக்க.

ஆறு முடிச்சு

அந்தத் துணைக்கயிறு இதற்குத்தான். எட்டு முடிச்சைக் கண்ணியாகப் போடுவது, அதையே ஒரு தூணைச் சுற்றி வந்து பின்தொடர்ந்து போடுவது, இரண்டு முனைகளை இணைக்கும் இரட்டை மீனவர் முடிச்சு, கயிற்றின் நடுவில் கண்ணி எடுக்கும் பட்டர்ஃப்ளை, கயிற்றைப் பிடித்து நிற்கும் புரூசிக், காரபைனரில் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி) போட்டு ஆளை இறக்கும் இத்தாலியன் ஹிட்ச். இந்த ஆறும் தெரிந்தால் முதல் ஒரு வருடத்துக்குப் போதும். இருபது முடிச்சு தெரிந்தவரை நான் நம்புவதில்லை, அதில் பதினைந்து அவருக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும்.

எட்டு முடிச்சைப் போட்டுவிட்டு அப்படியே விடாதீர்கள், உற்றுப் பாருங்கள். இரட்டை இழைகள் வளைவு முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில், தண்டவாளம் மாதிரி ஓட வேண்டும், எங்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரித்து மறுபடி போடுங்கள். அப்புறம் நான்கு இழையையும் தனித்தனியாக இழுத்து இறுக்குங்கள். வால் ஒரு சாண் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர் கண்ணால் பார்த்தால் பத்தாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழுவில் எவ்வளவு சீனியர் ஆனாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. என் முடிச்சை நேற்று வந்த பையன் தடவிப் பார்த்துவிட்டு 'ஓகேண்ணா' என்று சொன்ன பிறகுதான் நான் விளிம்பைத் தாண்டுவேன்.

புரூசிக்கைக் கொஞ்சம் அதிகமாகப் பழகுங்கள். 1931-இல் கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி அறிமுகப்படுத்தியது. பெரிய கயிற்றைச் சுற்றி மெல்லிய கயிற்றின் வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே நுழைத்து எடுப்பீர்கள். எடை ஏறினால் கவ்விக்கொள்ளும், எடை இல்லாதபோது கையால் நகர்த்தலாம். மெல்லிய கயிறு பெரிய கயிற்றைவிடத் தெளிவாகச் சின்னதாக இருந்தால்தான் கவ்வும், 11 மில்லி கயிற்றில் 8 மில்லி சரியாக இருக்கும். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் வழுக்கும். மழையில் நனைந்தால் அதன் குணமே மாறும், அதனால் நனைத்தும் பழகுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, முதுகுக்குப் பின்னால் கையை வைத்து ஆறு முடிச்சையும் போட முடிகிறதா? அப்போது அடுத்த கட்டம்.

உடம்பில் மாட்டுவது

ஹார்னஸில், அதாவது நம்மைக் கயிற்றோடு இணைக்க உடம்பில் கட்டும் பட்டைகளில், ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். கட்டட வேலைக்கு விற்கும் ஹார்னஸில் முதுகில் ஒரு வளையம் இருக்கும், அது விழுந்தால் பிடித்து நிறுத்த மட்டும். அதை மாட்டிக்கொண்டு கயிற்றில் இறங்க முடியாது, முதுகில் தொங்குகிறவனுக்கு முன்னால் இருக்கும் கயிறு எப்படி எட்டும்? நமக்கு வேண்டியது இடுப்பு முன்பக்கமும் நெஞ்சிலும் வளையம் உள்ள முழு உடல் ஹார்னஸ். மாட்டிக்கொண்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பத்து நிமிடம் தொங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தொடைப் பட்டை எங்கே அறுக்கும் என்பது கடைக் கண்ணாடி முன்னால் தெரியாது.

ஹெல்மெட்டிலும் இதே கதை. கட்டட ஹெல்மெட்டின் தாடைப்பட்டை சுமார் 15 முதல் 25 கிலோ இழுவையில் கழன்றுவிட வேண்டும் என்றுதான் அதன் ஐரோப்பியத் தரம் சொல்கிறது, எதிலாவது மாட்டிக் கழுத்து இறுகிவிடக் கூடாதல்லவா. மலையேற்ற ஹெல்மெட்டின் பட்டை 50 கிலோ வரையாவது கழலாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் விழும்போது தலையில் ஹெல்மெட் இருந்தால்தான் பிரயோஜனம். மீட்புக்கு இரண்டாவது வகை.

காரபைனரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறத்தாழ 100 கிலோ எடை, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 25 என்று போட்டிருக்கும் அதே காரபைனர் குறுக்குவாக்கிலோ வாய் திறந்தபடியோ இழுபட்டால் 7 கிலோநியூட்டன்தான் தாங்கும். திருகு பூட்டை மறந்துவிட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம் போய்விட்டது என்று அர்த்தம். எண்களே இல்லாதது சாவிக்கொத்துக்கு. ஆன்லைனில் நம்பமுடியாத விலையில் எண் பொறித்து வருவதும் உண்டு, அதையும் சாவிக்கொத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் கருவிக்கு, எட்டு வடிவ டிசென்டர் மலிவு, எல்லாப் பயிற்சியிலும் அதில்தான் தொடங்குவார்கள். கையை விட்டால் அது உங்களையும் விட்டுவிடும், கயிற்றையும் முறுக்கும். கையை எடுத்தால் தானே நின்றுவிடும் பெட்ஸல் ஐடி, ரிக் மாதிரியானவை விலை அதிகம், மீட்பில் அடிபட்டவரைக் கவனிக்க உங்கள் இரண்டு கையும் வேண்டியிருக்கும் என்பதால் கடைசியில் அதற்குத்தான் வருவீர்கள். அப்புறம் தோல் கையுறை, விசில், ஹெல்மெட் விளக்கு, கயிறு வெட்டும் கத்தி. கத்தியைத் தானாகத் திறந்துகொள்ளாதபடி வையுங்கள், இழுபட்டு விறைத்த நைலான் கயிற்றில் கத்தி பட்டால் வெண்ணெய் மாதிரிப் போய்விடும்.

ஆங்கர்

கயிற்றை எங்கே கட்டுகிறோமோ அதுதான் ஆங்கர். புதியவர்கள் கயிற்றின் பலத்தையே பேசுவார்கள், அனுபவசாலிகள் இடத்துக்குப் போனதும் பின்னால் திரும்பி எதில் கட்டலாம் என்று பார்ப்பார்கள். உயிருள்ள பெரிய மரத்தின் அடித்தண்டு, கட்டடத்தின் கான்கிரீட் தூண், அசைக்க முடியாத பாறை, இவையெல்லாம் சரி. மொட்டைமாடிக் கைப்பிடிக் கம்பி, ஏசி ஸ்டாண்டு, தண்ணீர் டேங்க் குழாய், ஜன்னல் கிரில் இவையெல்லாம் கூடவே கூடாது. வண்டியில் கட்டலாம், அடிச்சட்டத்தில்தான் கட்ட வேண்டும், பம்பரில் கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பாதுகாப்பு அலுவலர் பாக்கெட்டில் வைத்துவிட வேண்டும். சாவி வண்டியிலேயே இருந்தால் எவராவது ஒருவர் 'ஆம்புலன்ஸ் வருது, கொஞ்சம் ஒதுக்கிப் போடறேன்' என்று ஏறி உட்காருவார். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் கட்டி நடுவில் சேர்த்தால் எடை பாதிப்பாதி பிரியும் என்று நினைப்போம். கோணம் குறுகலாக இருந்தால்தான் அது. எடை 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிபட்டவரும் கூட இறங்குகிறவரும் ஸ்ட்ரெச்சரும் சேர்த்து மீட்பில் வழக்கமாக எடுக்கும் கணக்கு. இரண்டு இடத்துக்கும் போகும் கயிறுகளுக்கு நடுவே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றிலும் 115 கிலோ. 90 டிகிரியில் 141. 120 டிகிரிக்கு விரிந்தால் இரண்டிலும் முழு 200 கிலோ, அதாவது இரண்டு இடத்தில் கட்டியதால் ஒரு லாபமும் இல்லை. 150-க்குப் போனால் ஒவ்வொன்றிலும் 386 கிலோ! கொடியில் ஈரப் போர்வை போட்டால் துணிக்கொடி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வருகிறதே, இதே கணக்குதான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் முழுதாக விரித்தால் ஏறத்தாழ 90 டிகிரி, ஆங்கரின் கோணம் அதற்குள் இருக்கட்டும்.

முதல் இறக்கம்

பத்தடிச் சுவர் போதும். சட்டையை உள்ளே விட்டு, முடியைக் கட்டி, செயின் மோதிரம் கழற்றி, ஷூ நாடாவை உள்ளே செருகி நில்லுங்கள். என் முதல் இறக்கத்தில் டீ-ஷர்ட்டின் கீழ்ப்பகுதி எட்டு வடிவ டிசென்டருக்குள் போய்ச் சுருட்டிக்கொண்டது. பாதிச் சுவரில் நிற்கிறேன், மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை, துணி மேலும் மேலும் உள்ளே போகிறது, கீழே நின்றவர்கள் வேறு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இருபது நிமிடம். மேலிருந்து என்னைத் தூக்கித்தான் துணியை எடுத்தார்கள், இறங்கி நின்றபோது இரண்டு காலும் மரத்திருந்தன.

விளிம்பில் பின்னால் சாய்வதுதான் கஷ்டம். உடம்பு முழுக்க வேண்டாம் என்று சொல்லும், சுவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கால்களைத் தோள் அகலம் விரித்து, முட்டியைச் சற்று மடித்து, நாற்காலியில் உட்காருகிற மாதிரி பின்னால் உட்காருங்கள். பிரேக் பிடிக்கும் கை கயிற்றை விடவே கூடாது, மூக்கு அரித்தாலும் இன்னொரு கை. டிசென்டருக்குக் கீழே ஒரு புரூசிக் துணைக்கு இருக்கட்டும். குதித்துக் குதித்து இறங்குவது சினிமாவுக்கு, ஒவ்வொரு குதியிலும் ஆங்கருக்கு அடி விழுகிறது, கருவியும் சூடாகிறது. கயிற்றின் கீழ் முனையில் ஒரு தடுப்பு முடிச்சு போடாமல் யாரையும் இறக்காதீர்கள், கயிறு தரைவரை போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட. இறங்கப் பழகிய பிறகு கயிற்றிலேயே ஏறவும், பாதி வழியில் இறக்கத்தை ஏற்றமாக மாற்றவும் பழகுங்கள். இதைச் செய்யத் தெரியாதவர் மீட்கப் போனால் குழுவுக்கு இரண்டு பேரை மீட்கும் வேலை.

குழுவாக

இங்கிருந்துதான் நிஜமான மீட்பு. ஆளுக்கு ஒரு வேலை: பொறுப்பாளர் ஒருவர், எந்தக் கயிற்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர், முதன்மைக் கயிற்றில் ஒருவர், பாதுகாப்புக் கயிற்றில் ஒருவர், விளிம்பில் படுத்துக்கொண்டு கீழே பார்த்துச் சொல்கிறவர் ஒருவர், இறங்குகிறவர் ஒருவர், இழுக்கும் ஆட்கள். விளிம்பில் இருப்பவரும் தன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதை மறந்து தலையை நீட்டுகிறவர்களை மரியாதை பார்க்காமல் பின்னால் இழுங்கள்.

உயிர் தொங்கும் இடத்தில் இரண்டு கயிறு, இரண்டு தனித்தனி ஆங்கர். ஜார்க்கண்டில் தேவ்கர் பக்கம் திரிகூட மலை ரோப்வேயில் 2022 ஏப்ரல் 10 அன்று பெட்டிகள் அந்தரத்தில் நின்றுபோயின. விமானப்படை ஹெலிகாப்டர், ராணுவம், பேரிடர் மீட்புப் படை எல்லாரும் சேர்ந்து 40 மணி நேரத்துக்கு மேல் போராடிப் பல பேரைக் காப்பாற்றினார்கள், ஆனால் மீட்கும்போதே இரண்டு பேர் விழுந்து இறந்தார்கள். ஹெலிகாப்டர் மீட்பு நம் கையில் இல்லாத சமாச்சாரம், அதைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. பெட்டியில் மணிக்கணக்காகத் தொங்கிவிட்டு மீட்பவர் கைக்கு வந்த பிறகும் விழ முடியும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பயிற்சிக்கு வாருங்கள்.

பேச்சு குறைவாக இருக்க வேண்டும். 'இறக்கு', 'ஏற்று', 'நிறுத்து'. இறக்கு ஏற்று என்பதைப் பொறுப்பாளர்தான் சொல்வார், நிறுத்து என்பதை யாரும் சொல்லலாம், டீ வாங்கிவந்த பையன் சொன்னாலும் நிற்க வேண்டும். காற்றில் குரல் கேட்காதபோது விசில்: ஒன்று நிறுத்து, இரண்டு ஏற்று, மூன்று இறக்கு, நான்கு 'கயிற்றைக் கழற்றிவிட்டேன்', நீளமாக ஊதினால் ஆபத்து. பல நாடுகளில் இதே கணக்குத்தான்.

விளிம்பில் கயிறு உரசும் இடத்துக்குப் பாதுகாப்பு கொடுங்கள். இதற்கென்று உருளைகள் விற்கிறார்கள், ஆனால் நான் பார்த்ததிலேயே நல்லது பழைய தீயணைப்புக் குழாய், ஒரு முழம் வெட்டி நீளவாக்கில் கிழித்து கயிற்றின்மேல் மாட்டிக் கட்டிவிட்டால் போதும். கிடைக்காவிட்டால் மடித்த சணல் சாக்கு.

இப்போது தூக்குவது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பி எடையைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும், பத்து கிலோ வாளிக்குப் பத்து கிலோ இழுக்கத்தான் வேண்டும். எடையைக் குறைக்க வேண்டுமென்றால் கப்பி எடையோடு சேர்ந்து நகர வேண்டும். லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும்போது கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, கீழே கொக்கியில் மாட்டி, மறுபடி கண்ணி வழியே எடுத்து இழுத்து இறுக்குவார்களே, அதுதான் மூன்றுக்கு ஒன்று, மீட்பில் நாம் போடும் இசட் அமைப்புக்கும் அதே தத்துவம். எடையிலிருந்து வரும் கயிறு ஆங்கரில் உள்ள கப்பியில் ஏறித் திரும்புகிறது, எடைக்கயிற்றில் புரூசிக் போட்டு மாட்டிய இன்னொரு கப்பிக்குள் போகிறது, மறுபடி திரும்பி உங்கள் கைக்கு வருகிறது. மூன்று மீட்டர் இழுத்தால் ஆள் ஒரு மீட்டர் ஏறுவார். கணக்குப்படி 200 கிலோவுக்கு 67 கிலோ இழுவை. கப்பி ஒவ்வொன்றும் பத்து சதவீதம் தின்றால் 74 ஆகும். கப்பிக்குப் பதில் காரபைனரையே போட்டீர்களென்றால் உரசலில் பாதி போய்விடும், மூன்று என்பது இரண்டுக்கும் கீழே வந்துவிடும். விளிம்பில் உரசுவது தனிக்கணக்கு. அதனால்தான் முடிந்த இடத்திலெல்லாம் கீழே இறக்குவோம், ஏற்றுவது வேறு வழியில்லாதபோது.

இழுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஊர்க்காரர்கள் ஆர்வத்தில் வந்து கயிற்றைப் பிடிப்பார்கள், 'ஐலேசா' என்று ஒரே மூச்சில் இழுப்பார்கள். ஸ்ட்ரெச்சர் பாறைக்கு அடியில் மாட்டியிருந்தால் மேலே தெரியாது, அவர்கள் இழுக்க இழுக்கக் கயிற்றிலும் ஆங்கரிலும் எடை ஏறிக்கொண்டே போகும். இழுவை திடீரென்று கனத்தால் உடனே நிறுத்து.

அடிபட்டவர்

அவரிடம் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அவரைக் கயிற்றில் மாட்டுவது, முதலுதவி அதற்கு அப்புறம். போகும்போதே பேசிக்கொண்டு போங்கள், பெயரைக் கேளுங்கள், 'நான் வந்துட்டேன், என்னைப் பிடிக்காதீங்க, நானே உங்களைப் பிடிக்கிறேன்' என்று சொல்லுங்கள். பயந்தவர் உங்கள்மேல் தாவுவார். ஹெல்மெட் அவருக்கும் ஒன்று கொண்டுபோங்கள், நம் கால் தட்டிவிடும் கல் அவர் தலையில்தான் விழும்.

ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். நினைவிருந்தால் காலை ஆட்டச் சொல்லுங்கள், சுவரை மிதிக்கச் சொல்லுங்கள், ஒரு ஸ்லிங்கை (நாடா வளையம்) தொங்கவிட்டு அதில் ஏறி நிற்கச் சொல்லுங்கள். கீழே வந்ததும் படுக்க வைத்து வழக்கமான முதலுதவி செய்யலாம். படுக்க வைக்கக்கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டுவிட்டது. பழைய பயிற்சியாளர்கள் சிலர் இன்னமும் சொல்வார்கள்.

கிணறு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் கயிறு மீட்பு என்றாலே பாதி கிணறுதான். விஷவாயுவில் ஒருவர் மயங்கி விழ, தூக்க இறங்கியவரும் விழ, அவருக்குப் பின்னால் இறங்கிய அண்ணனும் விழுந்த செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். வாயுமானி இல்லாமல் இறங்காதீர்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு அதிகமானால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்கினால் அவ்வளவுதான். விளக்கு இறக்கிப் பார்ப்பது தாத்தா காலத்து வழி, ஆக்சிஜன் மிகக் குறைந்தால் அணையும், விஷத்தைக் காட்டாது.

சரி, கயிறு

கயிறு என்றால் உள்ளே உட்கரு, வெளியே உறை என்று இரண்டு பாகமாக நெய்த நைலான் அல்லது பாலியஸ்டர், நீட்சி குறைந்த வகை. மலையேறிகள் ஏறும்போது கட்டும் நீட்சிக் கயிறு வேறு, அதில் ஸ்ட்ரெச்சரை இறக்கினால் ரப்பர் மாதிரி மேலும் கீழும் ஆடும். ஹார்டுவேர் கடையில் விற்கும் நீலம், மஞ்சள் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், சுமார் 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், வெயிலில் நார்நாராக உதிரும், வாளி கட்டலாம்.

11 மில்லி கயிறு நல்லதாக இருந்தால் சுமார் 30 கிலோநியூட்டன் தாங்கும். முடிச்சு போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், மீதி 20. நம் எடை 200 கிலோ, அதாவது 2 கிலோநியூட்டன். எடையைப் போல் பத்து மடங்கு பலம் இருக்கிறது, உரசலுக்கும் ஈரத்துக்கும் பழசாவதற்கும் அது வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் இஎன் 1891 ஏ வகை என்று லேபிளில் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கத் தீயணைப்புப் படைகள் பலவும் அரை அங்குலத் தடிமனில், 40 கிலோநியூட்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியது நீங்கள்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை மிதிக்காதீர்கள், மண் துகள் உறைக்குள் போய் உள்ளேயிருந்து அறுக்கும். ஜீப்பின் பின்பக்கம் பேட்டரியோடு சேர்த்துப் போடாதீர்கள், ஆசிட் ஆவி பட்ட நைலான் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். கழுவ வேண்டுமென்றால் சாதா தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்துதல். ஒவ்வொரு உபயோகத்துக்குப் பிறகும் முழு நீளத்தையும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள், எங்காவது குழிந்தோ மெத்தென்றோ கடினமாகவோ பட்டால் அந்தக் கயிறு முடிந்தது. ஒரு நோட்டில் வாங்கிய தேதி, ஒவ்வொரு உபயோகம், என்ன எடை என்று எழுதுங்கள். உபயோகிக்காமலே வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். தள்ளிவிட்ட கயிற்றை இரண்டு முழத் துண்டுகளாக வெட்டிவிடுங்கள், முழுதாக மூலையில் கிடந்தால் அவசரத்தில் யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அந்தத் துண்டுகள்தான் அடுத்து வருகிற தம்பிகளுக்கு முடிச்சு பழகக் கொடுக்கிறேன்.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில்: 11 மில்லி, நீட்சி குறைந்தது, 50 மீட்டரில் இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு வாங்குங்கள், இருட்டில் 'எதை இறக்கணும்ணா?' என்று கேட்டால் 'சிவப்பை' என்று சொல்லிவிடலாம்.